விசா வாசலோடு நின்றுவிடும் வாழ்க்கைத் துணை

புது தில்லி: மூணாறைச் சேர்ந்த பெண் ஒருவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தம் கணவருடன் அங்கு சென்று வாழ விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரயில் இல்லாத அந்த மலைநகரிலிருந்து சுமார் 110 கி.மீ. பயணம் செய்து கொச்சி விமான நிலையத்தை அடைய வேண்டும். அங்கிருந்து மும்பை. இந்தியாவில் அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்தில்தான் நடைபெறுகின்றன.

கணவர் விடுப்பு எடுத்து வந்து மும்பை வரை மனைவியுடன் செல்லலாம். ஆனால், நேர்காணலில் அவருக்கு இடமில்லை. விசா கோருபவரும், அவருடன் சேர்ந்து குடியேற விண்ணப்பித்த குடும்பத்தினரும் மட்டுமே அதிகாரியின் முன் வர வேண்டும். அவர்களை அழைத்துக்கொள்ள மனுச் செய்தவர் நேர்காணலில் பங்கேற்பதில்லை என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் நடைமுறை.

இந்தத் திருமணம் உண்மையானதா, அல்லது விசாவுக்காகச் செய்துகொள்ளப்பட்டதா என்பதே அந்த அறையில் முடிவு செய்யப்படும் முக்கியக் கேள்வி. எங்கே சந்தித்தீர்கள், கணவர் என்ன வேலை பார்க்கிறார், திருமணத்துக்கு யார் யார் வந்திருந்தனர் என்றெல்லாம் கேட்கப்படும். அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய இன்னொருவர் கட்டடத்துக்கு வெளியே காத்திருப்பார்.

காகிதங்களே சாட்சி

எனவே, கணவருக்காகப் பேச வேண்டிய பொறுப்பு ஆவணங்களைச் சார்ந்தது. திருமணப் பதிவுச் சான்று, பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கும் காவல் துறைச் சான்று, கணவரின் வருமான உறுதிமொழி, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரின் பரிசோதனை அறிக்கை ஆகியவை தேவை. தமிழிலோ மலையாளத்திலோ மட்டுமே உள்ள சான்றிதழ் என்றால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

இரு மாநிலங்களிலும் வேர்களைக் கொண்ட மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பிறப்பு தாய்வீட்டு ஊரான தேனியில் பதிவாகியிருக்கும். பள்ளிச் சான்று கேரளத்தினுடையதாக இருக்கும். திருமணத்துக்கு முன் தந்தையின் பெயரில் இருந்த இனிஷியல், பின்னர் கணவரின் பெயருக்கு மாறியிருக்கும். பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் தனியாகக் கேட்கப்படும். ஒரே பெண் மூன்று பெயர்களில் தோன்றினால், மூன்றும் ஒருவரே என்பதை மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதே விழுகிறது.

திருமணப் பதிவும் அப்படியே. எல்லா மதத்தவரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. அதையடுத்து கேரளம் 2008-இல் விதிகளையும், தமிழகம் 2009-இல் சட்டத்தையும் கொண்டுவந்தன. கேரளத்தில் 45 நாள்களுக்குள்ளும், தமிழகத்தில் 90 நாள்களுக்குள்ளும் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் அபராதம் உண்டு. போடியில் தாலி கட்டி மூணாறில் குடித்தனம் நடத்துவோர், எங்கே பதிவு செய்வது என்ற குழப்பத்தில் காலக்கெடுவைத் தவறவிட்டால், பின்னாளில் விசா மனுவின்போதுதான் அதன் விலை தெரியும்.

மறுக்கப்பட்டால்?

ஆவணக் குறைபாட்டுக்காக நிறுத்திவைக்கப்பட்ட மனுவுக்கு, ஓராண்டுக்குள் குறையைச் சரிசெய்தால் மீண்டும் விண்ணப்பிக்கவோ கட்டணம் செலுத்தவோ தேவையில்லை. ஆனால், திருமணத்தின் மீதே அதிகாரிக்குச் சந்தேகம் எழுந்தால், கணவர் அளித்த மனு அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குத் திருப்பி அனுப்பப்படும். மனுவை ரத்து செய்யப்போவதாக அத்துறை நோட்டீஸ் அனுப்பும் கட்டத்தில்தான் கணவர் எழுத்து மூலம் பதிலளிக்க முடியும். போலித் திருமணம் என்று முடிவானால், எதிர்காலத்தில் அந்தப் பெண்ணுக்காக வேறு எவர் மனுச் செய்தாலும் ஏற்கப்படாது.

நீதிமன்றத்தை நாடும் வழியும் குறுகிவிட்டது. அமெரிக்க வழக்குரைஞர் சாண்ட்ரா முன்யோஸின் கணவர் எல் சால்வடார் நாட்டவர். அந்நாட்டுத் தலைநகரில் 2015-இல் நடந்த நேர்காணலுக்குப் பிறகு அவருக்கு விசா மறுக்கப்பட்டது. அவர் ஒரு குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்ற சந்தேகமே காரணம் என்பது, வழக்குத் தொடர்ந்த பிறகே தெரியவந்தது. அதை அவர் மறுத்தார். வெளிநாட்டைச் சேர்ந்த கணவரோ மனைவியோ நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்கக் குடிமகனின் அடிப்படை உரிமை அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21-இல் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் அவருக்கு எதிராக முடிவு செய்தனர்.

நாடாளுமன்றத்தில் தேங்கிய மசோதா

விசா வழங்குவது அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்பதால், இதில் இந்திய அரசு தலையிட இடம் குறைவு. மனித கண்ணியம் மீறப்பட்டபோது மட்டும் நிலைமை வேறாக இருந்தது. திருமணம் செய்துகொள்வதற்காக 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உள்ளாக்கப்பட்டார். மொரார்ஜி தேசாய் அரசு கண்டனம் தெரிவித்தது. பிரிட்டன் அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது.

ஆனால், இந்தியா தன் எல்லைக்குள் செய்யக்கூடியவையும் உள்ளன. வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணத்தை 30 நாள்களுக்குள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கி, தவறுவோரின் பாஸ்போர்ட்டை முடக்க வகை செய்யும் மசோதாவை அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் 2019 பிப்ரவரி 11-இல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார். மணமுடித்துவிட்டு மனைவியைக் கைவிட்டுச் செல்லும் கணவர்களைக் கட்டுப்படுத்துவதே அதன் முதன்மை நோக்கம். மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தனது 287-ஆவது அறிக்கையில் விரிவான தனிச் சட்டம் தேவை என்றும், பாஸ்போர்ட்டில் திருமண நிலையும் துணைவரின் பாஸ்போர்ட் விவரமும் இடம்பெற வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்போதும் மசோதா சட்டமாகியிருக்கவில்லை.

கைவிடப்பட்ட மனைவிக்குத் தேவைப்படும் அதே பதிவுச் சான்றுதான், கணவருடன் சேரத் துடிக்கும் மனைவிக்கும் தேவைப்படுகிறது. நேர்காணல் நாளன்று துணைவரால் வாசல் வரை மட்டுமே வர முடியும் என்ற நிலையில், பெயரைச் சரிசெய்வதும், திருமணத்தைக் காலத்தில் பதிவு செய்வதும், சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகளைத் தொகுப்பதும் இருவரும் முன்கூட்டியே சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகளாகும். மலையோரப் பஞ்சாயத்துகளிலும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் இதற்கு வழிகாட்ட ஓர் ஏற்பாடு இருந்தால், மும்பை வரை சென்று வெறுங்கையுடன் திரும்பும் குடும்பங்கள் குறையும்.