ஒருங்க மறுத்த வால்வுச் சுற்று

வாப்பா விட்டுப்போன வால்வு விரியலாக்கி ஊமையாகிக் கிடந்தது. உள்ளே 300 வோல்ற்று நிற்கும். எழுந்தமானமாகக் கை வைக்கிற இடமல்ல. ஆகவே முதலில் சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். விடை வரவில்லை, 'ஒருங்கவில்லை' என்ற அறிவித்தல்தான் வந்தது. "இது மெஷின்ட பிழ வாப்பா" என்றான் மகன். பிழை என் வரைபடத்தில் இருந்தது.

1973இல் பேர்க்லியில் பிறந்த ஸ்பைஸ் நிரலின் வழிவந்தவையே இம்மென்பொருள்கள். சுற்றின் ஒவ்வொரு சந்தியிலும் மின்னழுத்தம் இவ்வளவு என்று முதலில் ஊகிக்கும். வளையியின் சாய்வைப் பார்த்து ஊகத்தைத் திருத்தும். அடுத்தடுத்த ஊகங்களின் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்தால், அதுதான் ஒருங்கல். (தமிழ் படித்த எனக்கு இந்தச் சொல் நன்றாகவே பிடித்துக்கொண்டது.)

முதல் தவறு சின்னது. ஒலிபெருக்கிக்குப் போகும் நிலைமாற்றியின் துணைச்சுருளைப் புவியோடு தொடுக்காமல் விட்டிருந்தேன். உண்மைப் பெட்டியில் அது வேலை செய்யும். கணினிக்கோ எல்லா அழுத்தமும் பூச்சியச் சந்தியிலிருந்துதான் அளவு. அந்தரத்தில் தொங்குவதற்கு எந்த எண்ணும் பொருந்தும். பெரிய தடையி ஒன்றால் புவிக்குத் தொடுத்தேன்.

அடுத்தது வால்வின் சமன்பாடு. பழைய சூத்திரத்தில், அனோட்டு அழுத்தத்தைப் பெருக்கற் காரணியால் வகுத்து, நெய்யரி அழுத்தத்தைக் கூட்டி, ஒன்றரையாம் அடுக்குக்கு உயர்த்துவார்கள். 12ஏஎக்ஸ்7க்குக் காரணி 100. அனோட்டில் 250 வோல்ற்று இருக்க, நெய்யரி மறை 2.5ஐத் தாண்டினால் கூட்டுத்தொகை மறையாகிவிடும். மறை எண்ணுக்கு ஒன்றரையாம் அடுக்கு ஏது? பூச்சியமென்று வெட்டிவிட்டாலும் சரிவராது. சாய்வும் பூச்சியமாகி, எந்தப் பக்கம் போவதென்று நிரலுக்குத் தெரியாமல் போகும். நோமன் கோரன் 1996இல் தந்த சூத்திரம் மடக்கையையும் அடுக்குக்குறிச் சார்பையும் கொண்டு அந்த முனையை மழுக்கிவிடுகிறது. மெய்யான வால்வும் சட்டென்று அணைவதில்லை, மெல்லத்தான் ஓயும். அதைப் போட்டதும் சுற்று ஓடியது.

வழுவெல்லையைத் தளர்த்திவிட்டால் போதும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடை வரும், நம்பலாமா? மின்வழங்கலைப் பூச்சியத்திலிருந்து படிப்படியாக உயர்த்துவது எவ்வளவோ மேல்.

கணினியில் கதோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ற்று வந்தது. மீற்றரின் ஒரு கம்பியைப் புவியில் கொளுவி, ஒற்றைக் கையால் வாப்பாட பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கதோட்டில் பூச்சியம், அனோட்டிலும் பூச்சியம். அனோட்டுக்குப் போகும் தடையி எரிந்து அறுந்திருந்தது.