தில்லியின் பின்கட்டு – 9: பாதிரியார் போட்ட மூன்று நிபந்தனைகள்

அவசரநிலைக் காலத்தில் லாரியில் ஏற்றப்பட்டு, யமுனைக்கு அக்கரையில் இறக்கிவிடப்பட்டவர்களின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். குடும்பத்துக்கு 25 சதுர கஜம் மனை. சாக்கடை கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. சீமாபுரி, நந்த் நகரி, சுந்தர் நகரி, திரிலோக்புரி என்று பெயர் மட்டும் அழகாக வைத்தார்கள். அரசு கைகழுவிய அந்த இடங்களுக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள், கந்துவட்டிக்காரர்கள் வந்தார்கள். கிறிஸ்தவ ஊழியக்காரர்களும் வந்தார்கள்.

ஊழியக்காரர்களைப் பற்றி நம்மிடம் இரண்டு ரெடிமேட் அபிப்பிராயங்கள் உண்டு. மதம் மாற்ற வந்தவர்கள் என்பது ஒன்று. தெய்வப் பிறவிகள் என்பது இன்னொன்று. இரண்டையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய தரியாகஞ்சுக்கு ஒரு நடை போய்வரலாம்.

1877-ல் கேம்பிரிட்ஜில் படித்த இளம் ஆங்கிலிகன் குருமார்கள் தில்லியில் வந்து இறங்கினார்கள். படித்த இந்துக்களையும் முஸ்லிம்களையும் கல்வியால் ஈர்க்கலாம், மேலிருந்து கீழே மாற்றம் தானாக வழிந்துவரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. 1881-ல் சாந்தினி சௌக்கின் கினாரி பஜாரில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். கல்லூரி வளர்ந்தது, பேர் வாங்கியது. ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களோ பெரும்பாலும் தோல் பதனிடுகிற, செருப்புத் தைக்கிற ஏழைகள். நகரம் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிவைத்திருந்த சாதிக்காரர்கள்.

அந்தக் குருமார்களில் ஒருவர் அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் ஆல்ஃபிரட் லெஃப்ராய். 1879-ல் வந்தவர், உருது பழகியவர். தரியாகஞ்சின் தோல் தொழிலாளர்களைப் பற்றி 1884-ல் தனி அறிக்கையே எழுதினார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பழைய சாதித் தெருவிலேயே இருந்தால் பழைய வழக்கங்களும் கூடவே இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே ஒரு சின்ன முற்றத்தைச் சுற்றியிருந்த சில வீடுகளைப் பிடித்து, அதைக் கிறிஸ்தவ பஸ்தி, அதாவது குடியிருப்பு, ஆக்கினார். குடிவர மூன்று நிபந்தனைகள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றுக்கும் கிறிஸ்தவச் சடங்கு மட்டும்தான். சரஸ் என்கிற கஞ்சாப் பிசினைப் புகைக்கக் கூடாது.

மூன்றாவதில் யாருக்கும் தகராறு இருக்க முடியாது. முதலாவது, அன்றாடங்காய்ச்சியின் ஒரு நாள் கூலி. இரண்டாவதுதான் கழுத்தைப் பிடித்தது. பிராதரி என்கிற சாதிச் சொந்தம்தான் அந்த மனிதர்களுக்கு வங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம், காப்பீடு எல்லாம். தோல் வாங்கக் கடன் தருபவன் பிராதரிக்காரன். மகளுக்கு மாப்பிள்ளை தருபவன், பாடை தூக்க வருபவன் அவனே. சடங்கை விட்டவனோடு ஹுக்காவும் தண்ணீரும் பகிரமாட்டார்கள். அப்புறம் அந்த முற்றத்தில் வீடு மட்டும் இருந்து என்ன செய்ய?

கடைசியில் பஞ்சாயத்து கூடியது. பிராதரியா, பாதிரியாரா, ஒன்றைச் சொல் என்று கேட்டார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர மற்றவர்கள் பிராதரி பக்கம் போய்விட்டார்கள். லெஃப்ராய் பின்னால் லாகூருக்கும் கல்கத்தாவுக்கும் பிஷப் ஆனார். தரியாகஞ்ச் முற்றம் மிஷன் வரலாற்றில் ஒரு பாடமாக மிஞ்சியது.

லெஃப்ராயைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடியாது. வெள்ளைக்கார அதிகாரி எட்டிப்பார்க்காத சந்துக்குள் போய் உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். ஆனால் விசுவாசத்தைக் குடியிருப்பு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுதிவிட்டார். ஷரத்து என்று வந்துவிட்டால் லாப நஷ்டம் பார்ப்பது மனித சுபாவம். பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

அவர் விட்ட இடத்தில் நம் அரசு பிடித்துக்கொண்டதுதான் விசித்திரம். 1950-ன் பட்டியல் சாதியினர் ஆணை, இந்துவுக்கு மட்டுமே அந்தத் தகுதி என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கிறிஸ்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நந்த் நகரியில் சாக்கடை அள்ளுகிறவர் மகன் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகலாம். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது மட்டும் தரியாகஞ்ச் பஞ்சாயத்து மறுபடி கூடிவிடும்.

இதே மிஷன் வட்டாரத்தில் இன்னொரு ஓடையும் ஓடியது. பிரிசில்லா விண்டர் என்ற பாதிரியார் மனைவி யமுனைக் கரைக்கு வரும் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூடாது என்று வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த பெண்களின் காலம் அது. அவர் நினைவாக 1885-ல் எழுந்ததுதான் இன்று தீஸ் ஹஸாரியில் இருக்கும் செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை. அதன் சமூக நலப் பிரிவு 1981-ல் சுந்தர் நகரிக்குப் போனது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணக்கெடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் கிராமப் பணியை அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

1988-ல் தில்லியைக் காலரா தாக்கியது. அக்கரைக் குடியிருப்புகளில் ஆழமில்லாத கைப்பம்புகள், பக்கத்திலேயே மலக்குழிகள். மழை வந்தது, இரண்டும் நிலத்தடியில் கலந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் கிரண் மார்ட்டின் என்ற இளம் குழந்தைநல மருத்துவர் தெற்கு தில்லியின் டாக்டர் அம்பேத்கர் பஸ்திக்குள் நுழைந்தார். இரவல் மேஜை ஒன்றை மரத்தடியில் போட்டு நோயாளிகளைப் பார்த்தார். தன்னை அங்கே கொண்டுவந்தது கிறிஸ்தவ விசுவாசம்தான் என்பதை அவர் என்றைக்கும் மறைத்ததில்லை. வரிசையில் நின்றவர்களிடம் எந்த நிபந்தனையும் போட்டதில்லை. அந்த மரத்தடியிலிருந்து ‘ஆஷா’ என்ற அமைப்பு வளர்ந்தது. 2002-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

காலராவில் ஆளைக் கொல்வது உடம்பிலிருந்து வடிந்துபோகிற நீர். அதை ஈடுகட்ட ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பெரும்பாலான உயிர்களை இது காப்பாற்றிவிடும். இதைக் கலக்கச் சொல்லித்தர எம்.பி.பி.எஸ். வேண்டாம், அடுத்த வீட்டு அக்கா போதும். கிரண் மார்ட்டின் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். பஸ்திப் பெண்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தார். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எடைக்கருவி பார்க்க, பிரசவத்துக்கு முந்திய அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்ள, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். பிறகு சந்துக்கு ஒரு பெண் பொறுப்பு என்று ஆனது.

பெண்கள் கூடினால் பேச்சு நோயோடு நிற்குமா? குழாய் ஏன் இல்லை, கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது, தண்ணீர் லாரியில் பிரதானின் ஆட்களுக்கு மட்டும் ஏன் முதல் குடம்? பிரதான் என்பவர் பஸ்தியின் தாதா. கரண்டு, தண்ணீர், வாக்கு எல்லாவற்றுக்கும் தரகர். இந்தப் பெண்கள் கூடி அமைத்த மகளிர் மண்டலங்கள் அவரைத் தாண்டி நேரே அதிகாரியின் மேஜைக்குப் போயின. அதிகாரியைப் பகைத்துக்கொள்வது ஆஷாவின் வழக்கமில்லை. மரியாதையாகக் கேட்பது, திரும்பத் திரும்பக் கேட்பது, செய்துகொடுத்தால் அழைத்து நன்றி சொல்வது. ராமகிருஷ்ணபுரத்தின் ஏக்தா விஹாரில் குடிசைக்காரர்களை ஊருக்கு வெளியே தூக்கியெறியாமல், இருந்த இடத்திலேயே மனை பிரித்து வீடு கட்டிக்கொள்ள வழி பிறந்தது இந்த விடாப்பிடியால்தான்.

2008-ல் விஷயம் நிதியமைச்சகம் வரைக்கும் போனது. அப்போதைய நிதியமைச்சர் நம் சிவகங்கை எம்.பி. ப. சிதம்பரம். ஈடு வைக்க ஒன்றுமில்லாத குடிசைவாசிகளுக்குப் பொதுத்துறை வங்கிகள் வழியாகக் கடன் கொடுக்க ஏற்பாடானது. தொழிலுக்கு, வீட்டுக்கு, படிப்புக்கு. அதே ஆண்டு பஸ்திப் பிள்ளைகளின் முதல் அணி தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குள் கால்வைத்தது. மேலிருந்து கீழே வழியும் என்று கேம்பிரிட்ஜ்காரர்கள் எதிர்பார்த்த கல்வி, நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்துக் கீழிருந்து மேலே ஏறிப்போனது.

இரண்டு முயற்சிகளுக்கும் பின்னால் இருந்தது ஒரே வேதம். லெஃப்ராய் விசுவாசத்தின் பாரத்தைக் குடியிருப்பவன் தலையில் ஏற்றினார். மரத்தடி மருத்துவர் அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். முன்னதில் ஏழையின் நாணயம் சோதிக்கப்பட்டது, பின்னதில் ஊழியக்காரரின் நாணயம். ஓர் ஊழியம் அந்தத் தெருவுக்கு உதவுகிறதா என்று அறிய எனக்கு இதைவிட நல்ல உரைகல் தெரியவில்லை. கோயில், மசூதி, குருத்வாரா நடத்தும் அன்னதானங்களுக்கும், கட்சிகள் தரும் இலவசங்களுக்கும் இதே உரைகல்தான்.

ஆனாலும் இந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. முப்பது வருடம் பாடுபட்டு உருவாக்கிய சந்துத் தொண்டர்களையும் மகளிர் மண்டலத்தையும் ஒரு புல்டோசர் ஒரே காலையில் கலைத்துவிடும். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் பாராபுல்லா வடிகால் ஓரத்து மதராசி கேம்ப்புக்கு அப்படியொரு புல்டோசர் வந்தது. இடிபட்ட 370 வீடுகளில் பெரும்பாலானவை தமிழர்களுடையவை. 189 குடும்பங்களுக்கு மட்டும் நகரின் வடகோடியில், நரேலாவில் மாற்று வீடு. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

அடுத்த வாரம் மதராசி கேம்ப்.