ரயில் நிலைய ஓட்டலில் பாடியவர்

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் பாடுவது தனியொரு குலத்தாரின் தொழில். அரச வம்சத்தார் பாடினால் குடும்பத்துக்கே இழுக்கு. அந்த வம்சத்தில் 1949-ல் பிறந்தவர் சாலிஃப் கெய்ட்டா. பிறவியிலேயே தோல் வெளுத்திருந்ததால் ஊரார் ஒதுக்கினர். பார்வைக் குறைவால் ஆசிரியர் வேலையும் கிட்டவில்லை.

1967-ல் தலைநகர் பமாக்கோ வந்து, தெருவில் பாடிப் பிழைத்தார். கைகொடுத்தது ரயில்வே! 1970-ல் ரயில்வே ஆதரவில் தொடங்கிய 'ரயில் பேண்ட்' இசைக்குழு, பமாக்கோ ரயில் நிலைய ஓட்டலில் பாடிவந்தது. அதில் பாடகராகச் சேர்ந்தார். 1973-ல் வேறு குழுவுக்கு மாறினார். 1984-ல் பாரிஸ் சென்றார். 1987-ல் வெளியான 'சோரோ' இசைத்தட்டு அவர் புகழை உலகெங்கும் பரப்பியது.

தம்மைப் போல் தோல் வெளுத்துப் பிறந்தோருக்காகப் பின்னர் அறக்கட்டளையும் தொடங்கினார். ஊர் ஒதுக்கிய அவர் குரலைத்தான் ரசிகர்கள் 'ஆப்பிரிக்காவின் பொற்குரல்' என்கிறார்கள்.