ஆன்லைன் வந்தாச்சு, அப்புறம் ஏன் தாமதம்?

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆவணங்கள் கையில் இருந்தால் சில நிமிடங்கள்தான். அப்புறம் ஏன் நாள்கணக்கில் காத்திருக்கிறோம்? பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்குக் கடைசி தேதி நெருங்கும்போது இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும்.

செல்போன் உங்கள் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். முடிவெடுப்பது மனிதர்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கிறார், வருவாய் ஆய்வாளர் சரிபார்க்கிறார், அதன் பிறகே வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் தருகிறது. இதில் ஒரு இடத்தில் நின்றாலும் மொத்தமும் நின்றுவிடும்.

அப்போ ஒரு அலுவலகம் எப்படிச் சுறுசுறுப்பாகும்? ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவனம் இதற்கு ஒரு வழி காட்டியது. அதன் தொழிற்சாலைகளில் தொழிலாளியின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு இருக்கும். குறை கண்ணில் பட்டால் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே ஓடி வருவார். சரியாகவில்லை என்றால் உற்பத்தியே நிற்கும். கயிறு பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. குறையை முதலில் பார்ப்பவரை நம்பியதுதான் விஷயம்.

அரசு அலுவலகத்துக்கும் இது பொருந்தும். குடும்ப அட்டை நகல் மங்கலாக இருந்தால், விண்ணப்பத்தை ஓரமாக வைக்காமல், "தெளிவா ஒண்ணு அனுப்புங்க" என்று அன்றே போன் செய்யும் அலுவலர் உங்கள் அலைச்சலைக் குறைக்கிறார். ஒரே ஆவணத்துக்காகப் பலர் திரும்பிப் போவதைக் கவனித்து மேலே சொல்லும் இ-சேவை மைய ஊழியர், அடுத்து வருபவருக்கு உதவுகிறார்.

உங்கள் கையிலும் ஒரு கயிறு இருக்கிறது:

• ஆவணத்தின் நான்கு மூலையும் தெரியும்படி, வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

• கேன் எண்ணில் பதிவான செல்போன் எண் இப்போதும் உங்களிடம் உள்ளதா என்று பாருங்கள்.

• விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். எந்த நிலையில் இருக்கிறது என்று அடிக்கடி பாருங்கள்.

• தாமதமானால் முதல்வரின் உதவி மையத்தை 1100 எண்ணில் அழையுங்கள். "வேலையே நடக்கல" என்று மட்டும் சொல்லாமல், விண்ணப்ப எண், எந்த நிலையில் நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்று சொல்லுங்கள். அப்போதுதான் புகார் சரியான மேசைக்குப் போய்ச் சேரும்.

நீங்கள் இன்று சொல்லும் ஒரு குறை, நாளை அதே வரிசையில் நிற்கப்போகும் இன்னொருவருக்கும் வழி திறக்கும். தயங்காமல் சொல்லுங்கள்.