பேச்சும் பிறப்பும்

“தமிழ் நம் இரத்தத்தில் ஊறியது, பிள்ளைகளுக்குத் தானே வந்துவிடும்” என்று நம் சங்கத்து அன்பர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அது ஆறுதலான பேச்சுத்தான். ஆயினும் மொழியில் எவ்வளவு பிறப்போடு வருகிறது, எவ்வளவு பின்னர் வந்து சேர்கிறது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பாரிஸில் 1861-இல் போல் புரோக்கா என்னும் மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் சொல்வது அவருக்கு விளங்கும். தாம் வாய் திறந்தாலோ பெரும்பாலும் ‘டான்’ என்னும் ஒலியே வரும். அவர் இறந்தபின் பார்த்ததில், மூளையின் இடப்புற முன்பகுதி கெட்டிருந்தது. பேச்சுக்கு நாவும் உதடும் மட்டும் போதா என்பது இதனால் தெளிவாயிற்று.

இலண்டனில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சொற்கள் ஒழுங்காக வாராமற் போயின. ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே காரணமென 2001-இல் கண்டனர். பத்திரிகைகள் அதற்கு ‘மொழி மரபணு’ என்று பட்டம் சூட்டின, அவசரப் பட்டம்! அம்மரபணு எலிக்கும் பறவைக்கும்கூட உண்டு. என்றோ மறைந்துபோன நியாண்டர்தால் மனிதரிடமும் நம்முடைய வடிவமே இருந்ததென்று 2007-இல் தெரிந்தது.

ஆக, பேசும் ஆற்றல் நெடுங்காலமாக உடம்பில் விளைந்து வந்தது. ஆற்றலிருந்தும் ஒரு குழந்தைக்கு எந்த மொழியும் எட்டாவிட்டால்?

மத்திய அமெரிக்காவின் நிகராகுவாவில் செவிகேளாப் பிள்ளைகள் முன்பு தத்தம் வீடுகளில் தனித்தே வளர்ந்தனர். அவர்கள் அறிந்தவை வீட்டார் புரிந்துகொள்ளும் சில சைகைகளே. மனாகுவா நகரில் 1977-இல் ஒரு பள்ளியும், 1980-இல் தொழிற்பள்ளியும் அவர்களுக்குத் தோன்றின. ஆசிரியர்கள் உதட்டசைவைக் காட்டி ஸ்பானிய மொழி கற்பிக்க முயன்றனர், பலன் சொற்பமே. பிள்ளைகளோ விளையாட்டு வெளியில் தங்கள் வீட்டுச் சைகைகளை ஒன்றோடொன்று கலந்தனர். அடுத்து வந்த சிறு குழந்தைகள் அக்கலவையை எடுத்து, எவரும் கற்பிக்காமலே இலக்கணமுள்ள மொழியாக்கினர்.

அது எத்தகைய இலக்கணம் என்பதற்கு 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நல்ல சான்று. சித்திரப் படத்தில் ஒரு பூனை சரிவில் உருண்டு இறங்குகிறது. அதை விவரிக்கச் சொன்னால், முதலில் சேர்ந்த மாணவர் பெரும்பாலும் கையைச் சுழற்றிக்கொண்டே கீழிறக்குவர். பின்னர் வந்தவர்களோ ‘உருளுதல்’ ஒரு சைகை, ‘இறங்குதல்’ மற்றொன்று எனப் பிரித்து அடுத்தடுத்து வைத்தனர். காட்சி சொற்களாகப் பிரிந்துவிட்டது! எந்த முதியவரிடமும் அவர்கள் இதைக் கற்றதில்லை; கற்பிக்க முதியவர் ஒருவரும் இல்லை.

இதனை இவ்வளவு செம்மையாகச் செய்தவர்கள் இளவயதில் அக்கூட்டத்தில் கலந்தவர்களே. பத்து வயதைக் கடந்து வந்து சேர்ந்தவர்களுக்கு, பல்லாண்டுகள் அதே மொழியிற் பழகியும், அந்தச் சரளம் கைகூடவில்லை.