மகப்பேற்றை எதிர்நோக்கும் இல்லங்களுக்கு

மணமாகி ஓராண்டு நிறைவதற்குள் "விசேஷம் ஏதேனும் உண்டா?" என்று உறவினர் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். இரண்டாம் ஆண்டில் அக்கேள்வி ஊர்ப்பேச்சாகிறது. மூன்றாம் ஆண்டில் பழியாகி மருமகளின் தலையில் விழுகிறது. நவநாளும் நேர்ச்சையும் வேளாங்கண்ணித் திருப்பயணமும் நல்லவையே. ஆயினும், படைத்தவர் பெண்ணின் உடலிலேயே வைத்துள்ள அடையாளங்களை அறியாமல் ஆண்டுகளைக் கழிக்கும் தம்பதியர் நம் பங்குகளில் உளர். திருமண ஆயத்த வகுப்பில் இயற்கை முறையைப் பற்றிக் கேட்டவர்களும், அது பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைப்பதற்கு மட்டுமே என்று எண்ணிவிடுகின்றனர். அதே அறிவு பிள்ளைப்பேற்றை அடையவும் உதவும்.

'பதினான்காம் நாளே கருத்தரிக்கும் நாள்' என்ற எண்ணம் எங்கும் பரவியுள்ளது. 1920-களில் ஜப்பானில் மருத்துவர் ஒகினோவும் ஆஸ்திரியாவில் மருத்துவர் கினாசும் தனித்தனியே ஆராய்ந்து கண்டது வேறு. கருமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிலக்கிற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர். ஆகவே 28 நாள் சுற்றுடையவருக்கு அது 14-ஆம் நாளை ஒட்டி வரும்; 35 நாள் சுற்றுடையவருக்கோ 21-ஆம் நாளை ஒட்டியே வரும். பின்னவர் 14-ஆம் நாளை நம்பியிருந்தால் மாதந்தோறும் ஒரு வாரம் முந்திவிடுகிறார். அடுத்த விலக்கு என்று வரும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாததால், நாள்காட்டியை மட்டும் நம்புவது போதாது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1953-இல் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் தொடங்கிய ஆய்வு இவ்விடத்தில்தான் துணைக்கு வருகிறது. அவர் துணைவியார் ஈவ்லினும் மருத்துவரே. அவர்கள் கவனித்தது கருப்பையின் கழுத்திலிருந்து வரும் கசிவை. விலக்கு நின்றபின் சிலநாள் வறட்சி; பின்னர் கெட்டியான, ஒட்டும் கசிவு; அதன்பின் முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, வழுவழுப்பாக, இழுத்தால் நீளும் கசிவு. வழுவழுப்பு உணரப்படும் இறுதி நாளை ஒட்டியே கருமுட்டை வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெங்களூர் உட்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வில், பயின்ற பெண்களுள் நூற்றுக்கு 93 பேர் முதல் சுற்றிலேயே இவ்வடையாளத்தைக் கண்டுகொண்டனர். அவர்களுள் எழுத்தறியாதவரும் இருந்தனர். நம் பாட்டிமார் இதைப் பேச நாணியதன் விளைவே நம் பெண்கள் இதை அறியாதிருப்பது! அரிப்போ தீய நாற்றமோ இருப்பின் அது நோயின் குறி. மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஆணின் உயிரணு இக்கசிவில் ஐந்து நாள்வரை உயிர்வாழக்கூடும். கருமுட்டையோ ஒருநாளுக்கு மேல் வாழ்வதில்லை. எனவே கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாள்களுமே வாய்ப்புள்ளவை என 1995-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஈரக்கசிவு தொடங்கியதிலிருந்தே நாள்தோறுமோ ஒன்றுவிட்டொரு நாளோ கூடி வாழ்வது நலம்.

காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் பார்க்கும் உடல் வெப்பம், கருமுட்டை வெளிப்பட்ட பின்னரே சற்று உயரும். ஆகவே அது முன்னறிவிப்பன்று. நடந்ததை உறுதிசெய்யும் சான்று. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டை ஓரிரு நாள் முன்னதாகவே அறிவிக்கும். எனினும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அது பிழையாகக் காட்டக்கூடும்.

கணவன்மாருக்கும் ஒரு சொல். குறை ஆணிடமும் இருக்கக்கூடும். விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. மனைவி பத்து மருத்துவமனை ஏறி இறங்கியபின்னும் அதற்கு உடன்படாத ஆடவரை நாம் கண்டிருக்கிறோம். இது நேர்மையன்று. மாதாந்தரக் குறிப்பேட்டைக் கணவனே எழுதுவானாயின் பாரம் பாதியாகக் குறையும்.

ஓராண்டு முயன்றும் பயனில்லையேல், மனைவிக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, விலக்கு ஒழுங்கின்றி வருமாயின் உடனேயே மருத்துவரை நாடுக. இருவரும் சேர்ந்தே செல்க. விலக்குத் தொடங்கிய தேதிகளும் கசிவின் தன்மையும் குறித்த மூன்று மாத ஏட்டை உடன் கொண்டு செல்க. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கும்.