மார்பில் ஒளிரும் சான்று: படைப் பதக்கங்கள் வழங்கப்படும் முறை

போரிற் பட்ட வீரனுக்குக் கல் நாட்டி வழிபடுதல் பழந்தமிழர் வழக்கம். தொல்காப்பியம் அதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாக வகுத்துரைக்கின்றது. செங்கம் பகுதியிற் கிடைத்த நடுகற்கள் பலவற்றில் அரசனது ஆட்சியாண்டும், வீரனது பெயரும், அவன் பட்ட காரணமும் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். ஆகவே, வீரத்தைப் போற்றுதற்கும் ஒரு முறையும் ஒரு பதிவும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். நம் நாட்டுப் படையில் அம்முறை இந்நாளில் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது குறித்துக் கேட்டறியும் பொருட்டுக் கோபாலபுரத்தில் வாழும் முதிய சுபேதார் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் ஒரு சிறு மரப்பேழையைத் திறந்து, வண்ண நாடாக்களோடு வரிசையாக விளங்கிய ஐந்து பதக்கங்களைக் காட்டினார். “இவற்றுள் வீரத்திற்குரியது யாது, ஐயா?” என்றோம். “ஒன்றுமில்லை, தம்பிகளே. நான் இருந்த இடங்களுக்கும் உழைத்த ஆண்டுகளுக்கும் இவை கிடைத்தன. வீரப் பதக்கம் என் தோழன் ஒருவனைச் சேர வேண்டியது, சேரவில்லை” என்றார். காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

அவர் கூறிய விடையிலேயே பதக்கங்களின் முதற் பாகுபாடு அடங்கியுளது. படைவீரர் மார்பில் நாம் காணும் பதக்கங்களுட் பெரும்பாலான சேவைப் பதக்கங்களே. குறித்த நிலப்பகுதியிற் குறித்த காலம் பணியாற்றியோர் அனைவர்க்கும் அவை உரியன. 1960-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சைன்ய சேவா பதக்கம் இத்தகையது. பணியாற்றிய இடத்தின் பெயர் பொறித்த சிறு பட்டையொன்று அதன் நாடாவிற் கோக்கப்படும். ஒன்பது, இருபது, முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தோர்க்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. இவற்றிற்குச் சிபாரிசு வேண்டுவதில்லை. ஏடு சரியாக இருத்தலே வேண்டும். வீரன் எந்நாளில் எங்கிருந்தான் என்பதை அவனது ரெஜிமெண்டின் ஆவண அலுவலகம் குறித்து வைக்கின்றது. மதராஸ் ரெஜிமெண்டிற்குரிய அலுவலகம் நீலகிரியிலுள்ள வெல்லிங்டனில் இருக்கின்றது. அவ்வேட்டில் ஒரு வரி விடுபடின், உரிய பதக்கமும் விடுபடும். ஆதலின், வீட்டுப் பெரியோரின் படைவிலகற் சான்றிதழைப் பழந்தாளென்று எறிந்துவிடாது காத்தல் இளைஞர் கடமையாம்.

வீரப் பதக்கத்தின் வழியோ வேறு. இங்கே வீரன் தானே விண்ணப்பித்தற்கு இடமில்லை. பிறர் அவன்பொருட்டுப் பேசவேண்டும். செயல் நிகழ்ந்தபின், அவனுடைய பட்டாளத்தின் தலைவர் நாள், இடம், நேர்ந்த ஆபத்து, அவன் செய்தது, அதனால் விளைந்த பயன் ஆகியவற்றைத் தொகுத்து ஒரு சான்றுரை வரைகின்றார். நேரிற் கண்டோர் கூற்றே அதற்கு அடிப்படை. அவ்வுரை பிரிகேடு, டிவிஷன் முதலிய மேலிடங்கட்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றது. ஒவ்வொரு தலைவரும் அதனை ஆராய்ந்து, கேட்ட விருது தகுமா, அதனினும் உயர்ந்தது தகுமா, தாழ்ந்தது போதுமா எனத் தம் கருத்தை எழுதுகின்றார். படைத் தலைமையகத்தையும் பாதுகாப்பு அமைச்சகக் குழுவையும் கடந்து, இறுதியிற் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறுகின்றது. ஜனவரி 26, ஆகஸ்டு 15 ஆகிய நாட்களையொட்டிப் பெயர்கள் வெளியிடப்பட்டு, அரசிதழிற் பதிவாகின்றன. உயர் விருதுகளைக் குடியரசுத் தலைவரே தம் கையால் அளிக்கின்றார். சேனா பதக்கத்தைப் படைத்தலைவர்கள் அளிக்கின்றனர். தகாத செயல் புரிந்தோரின் விருதை நீக்கவும், நீக்கியதைத் திரும்ப அளிக்கவும் குடியரசுத் தலைவர்க்கு அதிகாரமுண்டு.

இனி, எவ்விருது எச்செயலுக்குரியது என்னும் வினா எழும். எதிரியின் முன்னிலையிற் புரிந்த வீரத்திற்குப் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் என்னும் மூன்றும் உரியன. இவை 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லுமாறு விதிக்கப்பட்டன. அத்தகைய போர்க்களத்திற்குப் புறம்பான வீரத்திற்கு அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் என்பன உள. 1952-இல் அசோக சக்கரத்தின் மூன்று வகுப்புகளாகத் தோன்றிய இவை, 1967-இல் இப்பெயர்களைப் பெற்றன.

இப்பாகுபாட்டைத் தமிழ் வீரர் மூவர் வாழ்வு நன்கு விளக்கும். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரிற் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி அகற்றும் பணியிலிருந்தபோது, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தாமே விழுந்து தோழரைக் காத்து மாண்டார். எதிரியொடு நேர்நின்று பொருத செயலன்மையின் விக்டோரியா சிலுவைக்கு மாறாக ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பட்டது.  மேஜர் இராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பர் 25-ஆம் நாள் இலங்கையில், மார்பிற் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவனை வீழ்த்தி, உயிர் பிரியுமளவும் தம் வீரர்க்கு ஆணையிட்டார். அவர்க்குப் பரம வீர சக்கரம் கிடைத்தது. சாலிக்கிராமத்திலுள்ள படையினர் குடியிருப்பொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற மேஜர் முகுந்து வரதராசன் 2014 ஏப்ரல் 25-ஆம் நாள் காஷ்மீரத்துச் சோப்பியானில் தீவிரவாதிகளொடு பொருது உயிர்நீத்தார். அசோக சக்கரத்தை 2015 குடியரசு நாளில் அவர்தம் துணைவியார் பெற்றுக்கொண்டார். மூவர் தியாகத்திலும் ஏற்றத்தாழ்வு காண்பார் யார்? களத்தின் தன்மையே விருதின் பெயரை வேறுபடுத்தியது.

பதவியும் விருதை வேறுபடுத்திய காலம் ஒன்றிருந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வழங்கிய பதக்கம், பெருந்தலைவர்க்குப் பொன்னாலும், அடுத்தோர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளியாலும், பின் வெள்ளி, வெண்கலம் எனவும் இறங்கி, எளிய சிப்பாய்க்கு வெள்ளீயத்தால் அமைந்தது. ஒரே மதில், ஒரே குண்டுமாரி; உலோகம் மட்டும் ஐந்து! விக்டோரியா சிலுவையோ 1856-இல் தோன்றியும், இந்தியச் சிப்பாய்க்கு 1911 வரை எட்டாததாயிருந்தது. இன்றைய சக்கரங்கட்கு அவ்வேற்றுமை இல்லை. சிப்பாயும் சேனாபதியும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர். மகா வீர சக்கரம் வெள்ளியாலாயிருக்க, அனைத்தினும் உயர்ந்த பரம வீர சக்கரம் வெறும் வெண்கலமே என்பதும் கருதத்தக்கது. சாவித்திரி கானோல்கர் அம்மையார் அதில் இந்திரனின் வச்சிராயுதத்தை அமைத்தார். இதுகாறும் அதனைப் பெற்றோர் 21 பேர். அவருள் 14 பேர் மறைந்தபின் பெற்றவர்.

இனிச் சுபேதாரின் தோழரிடம் திரும்புவோம். “ஓரிரவு முழுதும் அவன் தனித்து நின்று ஒரு காவலரணைக் காத்தான். விடிந்தபின் நாங்கள் சென்றபோது அரண் எம்மிடமே இருந்தது. அவன் மட்டும் இல்லை. அவன் செய்ததைக் கண்ட மற்றிருவரும் அவனருகிலேயே கிடந்தனர். யார் சாட்சி சொல்வது?” என்று கூறிப் பேழையை மூடினார் பெரியவர். அவர் எவரையும் குறைகூறவில்லை. சாட்சியின்றி விருதளிப்பின் விருதின் மதிப்புக் கெடும். சாட்சியை வேண்டின் சிலர் விடுபடுவர். இவ்விரண்டினுள் முறைமை முன்னதை அஞ்சிப் பின்னதைப் பொறுத்துக்கொள்கின்றது. அதன் நேர்மையும் துயரமும் இதுவே.

ஆகவே, பதக்கம் பெற்றோரைப் போற்றும்போது பெறாதோரையும் நினைத்தல் வேண்டும். மேலும், ஒரு வீரனின் புகழ் அவன் வாளை மட்டுமன்று, கண்டதைக் கண்டவாறு எழுதும் மற்றொருவன் எழுதுகோலையும் சார்ந்துளது. மிகையும் குறையுமின்றி உண்மையை எழுதப் பழகுதல் கல்லூரியிற் பயிலும் நம்மனோர்க்கும் இயலும். பிறர் செய்த நன்மைக்குச் சாட்சியாக நிற்றலும் ஒரு தொண்டேயன்றோ!